மனசைச் சுவரில் மாட்டியவர்

சுபஹுத் தொழுதுவிட்டு வந்த கையோடு மீராமுகைதீன் குசினிக்குள் நுழைகிறார். மனைவி கமீலா அடுப்பில் அப்பச்சட்டியைக் காய வைத்திருக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கிடையாது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, சுவரில் தொங்கும் கலண்டரின் முன்னால் போய் நிற்கிறார். மறு கையில் ஒரு பென்சில். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். தலையைச் சற்றுச் சாய்த்து, உள்ளே யாரோ ஆளிருந்து பதில் சொல்வதுபோலக் காது கொடுக்கிறார். பிறகு அன்றைய கட்டத்துக்குள் ஒரு வட்டம் போடுகிறார். நீலமென்றால் மனம் சுகம். சிவப்பென்றால் சுகமில்லை. போட்டு முடித்ததும் ஒரு செருமல். அது கமீலாவுக்கு.

கமீலா திரும்பிப் பார்க்க வேண்டும். சிவப்பாக இருந்தால் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து, "இண்டைக்கு என்னத்துக்குங்க?" என்று கேட்க வேண்டும். பார்த்ததும் கேட்டால், வாயைத் திறக்குமுன்பே நெருக்குகிறாள் என்று அவர் முகம் சுண்டிப்போகும். அப்பம் கருகுகிறதே என்று சற்றுப் பிந்திக் கேட்டால், "உனக்கு அப்பம்தான் பெரிசி" என்று சொல்லிவிட்டுச் சாய்வுக் கதிரைக்குப் போய்விடுவார். இரண்டுக்கும் நடுவில் கேட்பதற்குச் சரியான ஒரு தருணம் இருக்கிறதாம். ஐந்தாறு வருஷமாக அந்தத் தருணத்தைத் தேடித்தான் கமீலா அப்பம் சுட்டுவந்தாள்.

கல்முனைப் பசாரில் இவரைத் தெரியாதவர் இல்லை. ஆணி, தகரம், கம்பி, மண்வெட்டி, பெயின்ட் விற்கிற கடை. ஐம்பதை நெருங்கும் வயது; நன்றாகச் சாப்பிட்டு நன்றாக உறங்குகிற உடம்பு. நெற்றியில் எந்நேரமும் தைலம் மினுங்கும். ஆணி நிறுக்கும்போது வேறு யாரையும் தராசைத் தொட விடமாட்டார். முள் நடுவுக்கு வந்து நின்ற பிறகு, தட்டிலிருந்து ஒரே ஒரு ஆணியைத் திருப்பி எடுத்துப் பெட்டிக்குள் போடுவார். வாங்க வந்தவனுக்கும் ஒரு மனம் உண்டு, அது இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு அந்த நேரத்தில் அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

நானும் அவரும் பெண் எடுத்தது ஒரே குடும்பத்தில். என் மனைவி கமீலாவின் சாச்சி மகள், சின்னம்மா பிள்ளை. கல்முனைக்குடியில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தென்னங்கிடுகு வேலிதான். அந்த வீட்டு அடுப்படிச் செய்தி மத்தியானத்துக்குள் எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்துவிடும். மிச்சத்தை அவரே கொண்டுவந்து தருவார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன் என்பதால் மனசுச் சமாச்சாரம் எனக்கு விளங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. விளங்கியதுதான் இதை எழுத வைக்கிறது.

வருத்தம் பொய்யாகத் தொடங்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி இந்தக் கரையை அடித்துப் போட்டபோது இவருடைய கடைக் கூரை முழுசாகப் பறந்துவிட்டது. சீமெந்து மூட்டைகள் நனைந்து கல்லாகிக் கிடந்தன. கம்பியெல்லாம் துரு. மனிதர் வந்து சாய்வுக் கதிரையில் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துச் சாய்ந்தவர்தான், எழும்பவில்லை. சோறு இறங்கவில்லை. பள்ளிவாசலுக்கும் போகவில்லை. பெற்ற மகள் றாஹிலா முன்னால் போய் நின்றாலும் கண் வேறெங்கோ இருந்தது. கமீலா கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து ஒளித்துவைத்த நாட்களும் உண்டு. தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், கையில் நூல் கட்டினார்கள். ஒன்றும் நடக்காமல் போகவே, கமீலாதான் அவரை பஸ் ஏற்றி மட்டக்களப்புக்கு ஒரு டொக்டரிடம் கொண்டுபோனாள்.

அந்த டொக்டர் சொன்ன யோசனையில் ஒரு குற்றமும் இல்லை. வாயால் சொல்ல வராவிட்டால் ஓர் அடையாளமாவது போடுங்கள் என்றாராம். நல்ல நாளோ கெட்ட நாளோ, தினமும் போடுங்கள். மனைவி பார்க்கிற இடத்தில் போடுங்கள். கூட இருக்கிறவருக்குத் தெரிந்தால்தானே அவர் கை கொடுக்க முடியும் என்றாராம். கமீலாவிடம் தனியாக, கேளுங்கள், ஆனால் குடையாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். வருகிற வழியிலேயே அவள் அந்த இருமுனைப் பென்சிலை வாங்கினாள். கடையில் வருஷா வருஷம் வாடிக்கைக்காரருக்குக் கொடுக்கிற கலண்டரில் ஒன்றைக் குசினிச் சுவரில் மாட்டினாள். மாட்டியது தன் கண் படுகிற இடத்தில்.

முதல் மாதங்களில் எல்லாம் சிவப்பு. கமீலா கேட்பாள், அவர் பேசமாட்டார், அவள் பக்கத்தில் இருந்துகொண்டு கீரை ஆய்வாள். ஒருநாள் காலையில் கோணலாக ஒரு நீல வட்டம் விழுந்தது. அன்றைக்கு வட்டிலப்பம் அவித்து எங்கள் வீட்டுக்கும் அனுப்பினாள். என்ன விசேஷம் என்று என் மனைவி வேலிக்கு மேலால் கேட்டதற்கு, "ஒண்டுமில்ல, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாளாம். ஒரு மனுஷிக்கு இதைவிட என்ன செய்ய முடியும்?

அவர் சுகமானது எப்போதென்று எனக்குத் தெரியும். சூறாவளியில் கூரை போகாத வீடு இந்தப் பக்கத்தில் இருக்கவில்லை. திருக்கோவிலிலிருந்து மருதமுனை வரைக்கும் சனம் தகரத்துக்கும் ஆணிக்கும் அலைந்தது. கடைக்குப் புதுச் சரக்கு வந்து இறங்கிய அன்று, மீராமுகைதீன் கதிரையிலிருந்து எழும்பிச் சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு பசாருக்குப் போனார். அன்றிலிருந்து கடையில் அவர் சிரிப்பு தெருவுக்குக் கேட்கிறது. மரணச் செய்தி கொண்டுவருபவனைக்கூட ஒரு பகடி சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார். ஆனால் கலண்டரில் சிவப்பு குறையவில்லை. கடையில் நீலமாக இருக்கிற மனிதர் வீட்டு வாசலுக்குள் கால் வைத்ததும் சிவப்பாகிற வித்தையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஏன் குறைய வேண்டும்? சிவப்பு நாளில் வீட்டில் ரேடியோ கிடையாது. உரல் இடிக்கக்கூடாது. மீன் பொரித்த வாசம் ஆகாது. ஆனால் பாரை மீன் ஆணம் காய்ச்சி ஊற்றினால் ஆகும். றாஹிலா பாடத்தை வாய்விட்டுப் படிக்கக்கூடாது. தண்ணீர்க் குடத்தைச் சீமெந்துத் தரையில் வைத்தால் சத்தம் வருமென்று கமீலா சாக்கை மடித்துப் போட்டு வைக்க வேண்டும். நீல நாளில் இது ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக அவரைப் பாராட்ட வேண்டும். "பார்த்தியா, இண்டைக்கி நானே மனசத் திருத்திக்கிட்டன்" என்பார். அவர் மனம் திருந்துவதற்காக வீட்டில் நால்வருக்குரிய வேலையை ஒருத்தி சத்தமில்லாமல் செய்து முடித்திருப்பாள். அந்தப் பாராட்டு அவளுக்கு வந்ததை யாரும் கேட்டதில்லை.

தன் சிவப்பைப் பற்றி அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. வயற்காரப் போடிமார் விளைச்சலைச் சொல்லிக்கொள்வதுபோல, "போன மாசம் பாதிக்கு மேல சிவப்பு, மாஸ்டர்" என்று வேலிக்கு மேலால் எனக்குச் சொல்வார். காரைதீவிலிருந்து மண்வெட்டி வாங்க வந்த வேலப்போடியையும் விடவில்லை. பெரியவர் மண்வெட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, தண்ணி வராத வயலைப் பார்த்தால் தனக்கும் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் தன் வீட்டுச் சுவர் மண் சுவர், அதில் எதையும் மாட்டினால் விழுந்துவிடும் என்று சொன்னார். மீராமுகைதீன் அதை அனுதாபம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு தடவை கமீலாவின் தம்பி ஜவுபர் இறக்காமத்திலிருந்து வந்து, தன் மூத்த மகளின் கலியாணத்துக்கு அழைப்புச் சொல்லிவிட்டுப் போனான். ராத்தா இல்லாமல் அங்கே ஒரு காரியமும் நடக்காது என்று கையைப் பிடித்துச் சொன்னான். கமீலாவும் போவதற்கென்று சேலையெல்லாம் எடுத்து வைத்திருந்தாள். கலியாணம் வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலையில் அடுப்படியில் நின்றவள் தற்செயலாகக் கலண்டரைப் பார்த்திருக்கிறாள். வியாழக்கிழமைக் கட்டத்தில் ஏற்கெனவே சிவப்பு வட்டம் இருந்தது.

அவள் அதை விரலால் தொட்டுக் காட்டி, இன்னும் வராத நாளுக்கு எப்படிங்க என்று கேட்டாள். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"மனசு முன்னுக்கே சொல்லும்" என்றார்.

கமீலா கலியாணத்துக்குப் போகவில்லை. நானும் மனைவியும் போனோம். ராத்தா எங்கே என்று ஜவுபர் கேட்டபோது, மச்சானுக்குச் சுகமில்லை என்று என் மனைவி சொன்னாள். அதே நேரத்தில் மச்சான் கல்முனைக் கடையில் இருந்து ஒருவருக்குப் பெயின்ட் கலந்து காட்டிக்கொண்டிருந்தார் என்பதை நாங்கள் திரும்பி வந்த பிறகுதான் அறிந்தோம். என் மனைவி அன்றிலிருந்து அவரை முறை சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

போன வருஷம் தொடக்கத்தில் கமீலாவுக்கு உடம்பு கெடத் தொடங்கியது. அவள் சொல்லிக்கொண்டு திரிகிறவள் அல்ல. அடிவயிற்றில் ஒரு பாரம் என்றும், மாதாமாதம் வருவது நிற்காமல் போகிறது என்றும் என் மனைவியிடம் மட்டும் சொன்னாள். முகம் வெளிறிக்கொண்டே வந்தது. தண்ணீர் அள்ளிவிட்டுக் கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி நிற்பதை எங்கள் வளவிலிருந்தே பார்க்கலாம். புருஷனிடம் சொன்னாயா என்று என் மனைவி கேட்டாள். நீலம் வரட்டும், சொல்கிறேன் என்றாள்.

நீலம் வந்த ஒரு காலையில் சொன்னாள். சொன்னது நோயைப் பற்றி அல்ல. எந்தப் பாஷையில் சொன்னால் அவருக்குக் கேட்கும் என்று யோசித்து, அந்தப் பாஷையில் சொன்னாள்.

"இஞ்சேருங்க, நானும் ஒண்டு போடட்டா? டொக்டர் புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும்தானே சொன்னாரு."

மீராமுகைதீன் சிரித்தாராம். "உனக்கு என்ன புள்ள. நீ எப்பயும் நீலம்தானே" என்றாராம். பிறகு அன்றைய நாள் நல்ல நாளாக இருந்தபடியால் தாராளமும் வந்திருக்கிறது. "சரி, கீழ மூலைக்குள்ள போடு. என்ட வட்டத்தில முட்டாம."

பென்சில் அவருடையது. ஆகவே கமீலா சட்டிக்கடியில் படிந்த கரியை விரல் நுனியில் தொட்டாள். உடம்புக்கு ஏலாத நாளில் கட்டத்தின் கீழ் மூலையில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தாள். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. பிறகு வரிசையாக வந்தது. அவர் தினமும் காலையில் அதே கலண்டருக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்து, தன்னை விசாரித்து, தன் வட்டத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். அதே கட்டத்துக்குள் ஒரு விரற்கடை கீழே இருந்த பொட்டை அவர் பார்க்கவில்லை. கண்ணில் கோளாறு இல்லை. தராசு முள்ளின் நடுக்கம்கூடத் தெரிகிற கண்தான்.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. போய் வாய் திறந்து சொல்லச் சொல்லிக் கமீலாவை ஏசினாள். கமீலா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

"காட்டித்தானேகா வெச்சிரிக்கன்" என்றாள். "இனி அது அவருட பங்கு."

அந்தப் பங்கை அவர் ஒருநாள் செய்தார். கமீலாவுக்கு நிற்கக்கூட ஏலாமல் இருந்த காலை அது. றாஹிலாதான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். வட்டம் போடக் கையை உயர்த்தியவர் நின்றார். குனிந்து பார்த்தார். கலண்டர் முழுக்கக் கரியாய்க் கிடக்கிறதே, யார் இதை ஊத்தையாக்கியது என்று கேட்டார். றப்பரைக் கொண்டுவந்து இதையெல்லாம் அழி என்று மகளிடம் சொன்னார். அந்தப் பொட்டுகள் என்னவென்று றாஹிலாவுக்குத் தெரியும். அவள் உம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர் இரண்டாம் முறை சொன்னார்.

வாசற்படியில் குந்தியிருந்த கமீலாதான், "அழி மகள். வாப்பா சொல்றாருதானே" என்றாள்.

பிள்ளை அழித்தாள். கரி எங்கே றப்பருக்குப் போகும்? தேய்த்த இடமெல்லாம் சாம்பல் நிறமாக இழுபட்டது. மீராமுகைதீன் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அன்றைக்குச் சிவப்பு வட்டம் போட்டார். காரணத்தைக் கடைக்குப் போகிற வழியில் எனக்கும் சொன்னார். ஊட்டில ஒரு துப்புரவு இல்லை மாஸ்டர், அதைப் பார்த்தால் மனம் எப்படி இருக்கும் என்றார்.

அதற்குப் பிறகு கமீலா பொட்டு வைக்கவில்லை. சில நாள் கழித்துக் கிணற்றடியில் விழுந்தாள். வாளியோடு கயிறு உள்ளே போன சத்தம் கேட்டு என் மனைவிதான் வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினாள். உடுப்பெல்லாம் இரத்தமாக இருந்தது. நான் பசாருக்கு ஓடி ஒரு ஹயர் காரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். போகிற வழியில் கடையிலிருந்து அவரையும் ஏற்றிக்கொண்டேன். காரில் அவர் முன் ஆசனத்தில் இருந்தார். பின்னால் கமீலாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு றாஹிலா இருந்தாள். எனக்கு நெஞ்சு அடிக்கிறது, கொஞ்சம் மெதுவாக ஓட்டு என்று அவர் சாரதியிடம் சொன்னார். நான் வேகமாக ஓட்டச் சொன்னேன்.

ஆசுபத்திரியில் டொக்டர் கேட்டது சின்னக் கேள்வி. எவ்வளவு காலமாக இப்படி? புருஷனைப் பார்த்துத்தான் கேட்டார். மீராமுகைதீன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் ஒரு மன நோயாளி என்றும், மட்டக்களப்பில் மருந்து எடுத்தவர் என்றும், இப்படியான அதிர்ச்சிகள் தனக்கு ஆகாதென்றும் சொல்லத் தொடங்கினார். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். மீராமுகைதீன் சுற்றிப் பார்த்தார்.

றாஹிலா சொன்னாள். "ரெண்டாம் மாசத்தில இரிந்து, டொக்டர். உம்மா எல்லாம் குறிச்சி வெச்சிரிந்தாங்க. நாந்தான் அழிச்சன்."

அவள் அழவில்லை. நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன். சற்று நேரத்தில் மீராமுகைதீனும் வெளியே வந்தார். மகள் டொக்டருக்கு முன்னால் தன்னை மானம் கெடுத்துவிட்டாள் என்றார்.

கர்ப்பப்பையில் கட்டி. உடம்பில் இரத்தம் என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். ஜவுபர் இறக்காமத்திலிருந்து வந்து இரத்தம் கொடுத்தான், நானும் கொடுத்தேன். மீராமுகைதீன் தன் நிலையில் இரத்தம் கொடுக்கலாமா என்று அங்கிருந்த ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடிவதற்குள் தேவை தீர்ந்துவிட்டது. ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அல்லாஹ் அவளை ஹயாத்தோடு திருப்பித் தந்தான்.

ஆசுபத்திரி வாட்டில் அவளைப் பார்க்க அவர் வந்த நாளில் நாங்களும் இருந்தோம். பழம் கொண்டுவந்தார் என்று சொல்ல ஆசைதான். கக்கத்தில் ஒரு சுருள் இருந்தது. கட்டில் ஓரத்தில் இருந்து அதை விரித்தார். கலண்டர். கமீலா ஆசுபத்திரிக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு கட்டமும் சிவப்பு. "நீ இல்லாம ஒரு நாளும் நீலம் இல்ல, பாரு" என்றார். குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை என்பதுதான் எனக்கு மேலும் எரிச்சல். தன்னை நினைத்து அவருக்கு உண்மையாகவே அழுகை வரும்.

பக்கத்துக் கட்டிலில் திருக்கோவிலைச் சேர்ந்த செல்லத்தங்கம் என்ற அம்மா படுத்திருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாளும் வருத்தத்தோடா இருந்தாய் பிள்ளை என்று கமீலாவிடம் கேட்டார்.

"இல்லம்மா" என்றாள் கமீலா. "இது அவருட."

செல்லத்தங்கம் அம்மா போர்வையை முகம்வரை இழுத்து மூடிக்கொண்டார். போர்வை கொஞ்ச நேரம் குலுங்கியது. கமீலா அந்தக் குலுங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் நான் காணாத ஒன்று அவள் உதட்டில் வந்து போனது.

வீட்டுக்கு வந்த மறுநாள், மீராமுகைதீன் பள்ளிவாசலிலிருந்து வந்து பார்த்தபோது குசினிச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. கலண்டரும் பென்சிலும் எங்கே என்று கேட்டார். கடைக்குக் கொண்டுபோகிற சோற்றுப் பாத்திரத்தோடு சேர்த்துக் கட்டி, வாசலில் வைத்திருக்கிறேன் என்றாள் கமீலா. குரலை உயர்த்தவில்லை. வயிற்றுத் தையல் அதற்கு இடம் கொடுக்காது. ஆனால் கிடுகு வேலிக்கு இப்பால் எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"சிவப்பெண்டா கடையிலயே இரிங்க. நீலமெண்டா ஊட்ட வாங்க. இது என்ட உம்மா எனக்குத் தந்த ஊடு. இஞ்ச இனி ஒரு ஆள்ட மனசு மட்டும் தொங்க ஏலா."

இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது; மாப்பிள்ளை வந்து குடியிருப்பவர். இருபது வருஷத்தில் ஒருநாளும் கமீலா அதை அவருக்கு ஞாபகப்படுத்தியதில்லை. அவர் பாத்திரத்தையும் சுருளையும் எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் வாசலில்தான் முதலில் நின்றார். ஒரு நோயாளியை இப்படி நடத்தலாமா, டொக்டர் சொன்னதை மீறலாமா, பள்ளிவாசலை நடத்தும் மரைக்காயர்மாரிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லுங்கள், கமீலாவின் ஆசுபத்திரித் துண்டுக் கடதாசிகளையும் கூடவே கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றாள் என் மனைவி உள்ளே இருந்தபடி. அவர் மரைக்காயர்மாரிடம் போகவில்லை.

இப்போது கலண்டர் கடையில் தொங்குகிறது, பெயின்ட் தகரங்களுக்கு மேலே. கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். சிலர் கேட்கிறார்கள், கடன் சொல்ல வந்தவர்கள் மிக அக்கறையாகக் கேட்கிறார்கள். தொடக்கத்தில் சில சிவப்பு நாட்களில் கடைக்குள்ளேயே படுத்து, பக்கத்து ஹோட்டலில் றொட்டி சாப்பிட்டுப் பார்த்தார். ஹோட்டல்காரன், வட்டம் என்ன நிறம் என்று கேட்காமல் எல்லாருக்கும் ஒரே ஆணத்தை ஊற்றினான். சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் நுளம்புக் கடி. மனம் சீக்கிரமே தேறியது. இப்போதெல்லாம் காலையில் எதைப் போட்டாலும், கடை பூட்டும் நேரத்தில் அதன்மேல் நீலத்தால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

வீட்டில் றாஹிலா வாய்விட்டுப் படிக்கிறாள். உரல் இடிபடுகிறது. வாப்பாவோடு அவள் அதிகம் கதைப்பதில்லை. அவர் அதைக் கவனித்திருக்கிறாரா என்று தெரியவில்லை. கமீலாவுக்கு மெல்ல மெல்ல முகத்தில் நிறம் வருகிறது. சாய்வுக் கதிரையை முற்றத்து வேம்புக்குக் கீழே போட்டு, பின்னேரங்களில் அதில் அவள் இருக்கிறாள்.

போன மாதம் அவளுக்கு மட்டக்களப்பில் கிளினிக். துணைக்கு என் மனைவியும் நானும் போனோம். வரமாட்டார் என்று நினைத்தோம். கடையைப் பூட்டிவிட்டு அவரும் வந்து பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் கமீலாவின் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். மனிதர் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறாரோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. நெடுநேரம் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். கமீலாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் வாங்கைப் பிடித்து மெதுவாக எழும்புமுன் அவர் உள்ளே போய்விட்டார். நாங்கள் அவளைத் தாங்கிக்கொண்டு கதவடிக்கு வந்தபோது, தாதி முதுகைக் காட்டிக்கொண்டு அலுமாரியிலிருந்து பிரஷர் பார்க்கும் பட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். பட்டியோடு அவள் திரும்பினாள்.

நோயாளிக்குப் போட்டிருந்த கதிரையில் மீராமுகைதீன் இருந்தார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, கையை மேசைமேல் நீட்டி வைத்திருந்தார்.